தாரின் போகும் பழைய சாலை

(இணையவழி இலக்கியக் கூடுகையின் நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிங்கப்பூர் நண்பர்கள் தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு அமர்ந்திருக்கிறீர்கள். டொராண்டோவில் இருப்பவர்களுக்குக் காலை. எனக்கு இங்கே ஜுபைலில் மக்ரிப் தொழுகை முடிந்து கடைகள் மறுபடி திறக்கும் நேரம். இடையில் ஏதாவது சத்தம் கேட்டால் அது எங்கள் கட்டடத்தின் பழைய ஏசி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவின் பழைய கிறிஸ்தவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல, ஆலையில் வேலை செய்கிறவன். படித்ததையும் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஜுபைலில் இருந்து தம்மாம் போக நல்ல நெடுஞ்சாலை இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வண்டியை அதில் ஏற்றிவிட்டால் இரண்டு பக்கமும் மணல், குழாய்கள், மின்கம்பங்கள், அவ்வளவுதான். இங்கே வேலை பார்க்கிற தமிழர்களில் பாதிப்பேர் இந்த நாட்டைப் பார்த்தது அந்த ஒரு சாலையின் கண்ணாடி வழியாகத்தான். விமான நிலையத்தில் இருந்து கேம்ப், கேம்பில் இருந்து ஆலை, இரண்டு வருடம் கழித்துத் திரும்ப விமான நிலையம். இன்னொரு வழியும் உண்டு. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி சஃப்வா, கத்தீஃப் ஊர்களுக்குள் புகுந்து, பேரீச்சந்தோப்புகளை ஒட்டிப் போகலாம். கத்தீஃபில் இருந்து பாலம் தாண்டினால் தாரூத் தீவு. அந்தத் தீவின் தெற்கு முனையில் தாரின் என்று ஒரு சின்ன ஊர்.

என்னுடன் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் இந்த வருடம் பைனல் எக்ஸிட்டில் ஊருக்குப் போனார். உடன்குடிப் பக்கத்துக்காரர், பைப் ஃபிட்டர், இங்கே இருபத்தேழு வருடம். புறப்படுவதற்கு முந்தின வாரம் என்னிடம் கேட்டார்: “தம்பி, இத்தன வருசமா இந்த ஊர்ல இருந்துட்டேன். ஒரு ரோட்டுலயாவது சும்மா மெதுவா போயிருக்கேனா? ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போடே.”

அப்படித்தான் நாங்கள் பழைய சாலையில் போனோம். என்னைப் பொறுத்தவரை அது வெறும் ஊர் சுற்றல் இல்லை. ஜுபைலில் இருந்து தாரினுக்குப் போகிற அந்த வழி, ஒரு மறந்துபோன திருச்சபையின் இரண்டு முனைகளைச் சேர்க்கிற வழி.

முதல் முனையில் இருந்து தொடங்குகிறேன். ஜுபைல் ஒரு காலத்தில் மீன்பிடிக்கும், முத்துக்குளிக்கும் சிற்றூர். 1933 செப்டம்பரில் எண்ணெய் தேடி வந்த அமெரிக்க நிலவியலாளர்கள் கரையிறங்கியது இங்கேதான். 1975-இல் ஜுபைல், யான்பு ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. அதன்பிறகு எழுந்ததுதான் இன்று நாம் பார்க்கும் தொழில்நகரம். 1986-இல் ஊருக்கு வெளியே மணலில் ஒரு வண்டி புதைந்துகொண்டது, அதைத் தோண்டி எடுத்தவர்களின் மண்வெட்டியில் ஒரு சுவர் தட்டுப்பட்டது என்று சொல்வார்கள். மணலை நீக்கிப் பார்த்தபோது ஒரு முற்றம், அதன் கிழக்கே மூன்று அறைகள், சுவர்ப்பூச்சில் சிலுவைகள் இருந்த தடம். அது ஒரு தேவாலயம். ஜான் லாங்ஃபெல்ட் என்பவர் 1994-இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

இதன் வயது என்ன? நான்காம் நூற்றாண்டு என்றுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. வளைகுடாவின் தேவாலயங்கள் பலவும் அதைவிடப் பிற்பட்டவை, இஸ்லாம் வந்த பிறகும் சில தலைமுறைகள் புழங்கியவை என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் இது தனிக் கட்டடம் அல்ல. குவைத்தின் ஃபைலாக்கா தீவில் தேவாலயம் கிடைத்தது. அபுதாபியின் சர் பனியாஸ் தீவில் 1992-இல் ஒரு மடம் கண்டுபிடிக்கப்பட்டது, இன்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கலாம். உம்மல் குவைனின் சினியா தீவில் இன்னொரு மடம் கிடைத்த செய்தி 2022 நவம்பரில் வந்தது. ஒரு கடற்கரை முழுக்க விளக்குகள் எரிந்திருக்கின்றன.

ஜுபைல் தேவாலயத்தைச் சுற்றி வேலி இருக்கிறது. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. நாங்களும் அங்கே போகவில்லை. வண்டி நகர எல்லையைத் தாண்டும்போது, “அண்ணாச்சி, இந்தப் பக்கத்துல மணலுக்குள்ள ஒரு பழைய கோவில் இருக்கு” என்றேன். நெல்லைப் பக்கத்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வார்கள், உங்களில் பலருக்குத் தெரியும். அவர் நம்பவில்லை. “நம்ம கோவிலா? இங்கயா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது என்ன என்று சஃப்வா தாண்டிய பிறகுதான் தெரிந்தது. தோப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்தி ஃப்ளாஸ்கில் இருந்து டீ ஊற்றினோம். அப்போது சொன்னார்: “இருபத்தேழு வருசமா கோவில் மணிச் சத்தம் கேக்காத ஊர்ல இருந்தேன். பிள்ளைங்க ஞானஸ்நானத்துக்கு நான் இல்ல. அம்மா அடக்கத்துக்கு நான் இல்ல. ரூம்ல கட்டில் மேல உக்காந்து சொன்ன ஜெபம்தான். இப்ப ஊருக்குப் போயி ஞாயித்துக்கிழமை கோவில்ல உக்காந்தா, எனக்கு ஏதாவது மிச்சம் இருக்குமா தம்பி? இல்ல எல்லாம் வத்திப் போயிருக்குமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன்தான், ஆனால் பழக்கத்தால் கிறிஸ்தவன். எனக்குத் தெரிந்தது வரலாறு மட்டுமே. அதனால் வரலாற்றைச் சொன்னேன்.

இந்தக் கடற்கரையை சிரியாக் மொழி பேசிய கிறிஸ்தவர்கள் பேத் கத்ராயே என்று அழைத்தார்கள். இன்றைய கத்தார் என்ற பெயரின் உறவு அதில் தெரியும். ஆனால் அவர்கள் சொன்ன நிலம் இன்றைய கத்தாரைவிடப் பெரியது, கிழக்கு அரேபியக் கரையின் பெரும்பகுதியை உள்ளடக்கியது. இவர்கள் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். பாரசீகப் பேரரசுக்குள் வளர்ந்த சபை அது. நெஸ்தோரியர் என்று மற்றவர்கள் வைத்த பெயரால் நம் பாடநூல்களில் வருபவர்கள். 410-இல் நடந்த அவர்களுடைய சங்கத்தின் பதிவுகளிலேயே வளைகுடாத் தீவுகள் வந்துவிடுகின்றன.

இவர்கள் பயணம் செய்த விதத்தைப் பாருங்கள். தாரின் அக்காலத்தில் பெரிய துறைமுகம். இந்தியாவில் இருந்து வந்த கஸ்தூரி இங்கே இறங்கியதால் பழைய அரபுக் கவிதைகளில் தாரின் கஸ்தூரி என்பது வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்றின் மூர்க்கம் தணியும்வரை காத்திருந்துதான் கப்பல் இந்தியாவுக்குக் கிளம்பும். வடகிழக்குக் காற்று வந்தால்தான் திரும்ப முடியும். இடையில் மாதக்கணக்கில் ஏதோ ஒரு துறையில் தங்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் மொழி கற்றார்கள், பெண் எடுத்தார்கள், வழிபட ஓர் இடம் கட்டினார்கள். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை ஒன்று இருப்பதாக எழுதுகிறார். அனுராதபுரத்தில் 1912-இல் ஒரு கல்சிலுவை கிடைத்தது. நம் சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் போர்த்துகீசியர் கிண்டியபோது கிடைத்த சிலுவையைச் சுற்றி பஹ்லவி எழுத்து இருக்கிறது, அதாவது இடைக்காலப் பாரசீகம். கிண்டியில் இருந்து மலையேறிப் போய்ப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்தக் கல்லின் எழுத்துக்கும் ஜுபைல் மணலின் தேவாலயத்துக்கும் இடையில் ஓடியது ஒரே கடல்வழி, ஒரே சபை.

ஏழாம் நூற்றாண்டில் இஸ்லாம் வந்தது. அப்போது இந்தச் சபையின் தலைவராக இருந்த மூன்றாம் ஈஷோயாப் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. புதிய ஆட்சியாளர்கள் நம் நம்பிக்கையைத் தாக்கவில்லை, குருக்களை மதிக்கிறார்கள், மடங்களுக்கு உதவவும் செய்கிறார்கள் என்று அதில் ஓரிடத்தில் எழுதுகிறார். அவருடைய பெரிய தலைவலி சொந்தச் சபைதான். பேத் கத்ராயேவின் ஆயர்கள் அவருடைய தலைமையை ஏற்க மறுத்துவிட்டார்கள். கடிதம் மேல் கடிதம் போட்டும் சரியாகவில்லை.

அவருக்கு அடுத்து வந்தவர் முதலாம் கீவர்கீஸ். அவர் நேரில் புறப்பட்டு வந்தார். இன்றைய பாக்தாத் அருகில் இருந்த தலைமையிடத்தில் இருந்து இந்தத் தீவுகள்வரை வந்து, 676-ஆம் ஆண்டு தாரினில் ஒரு சங்கம் கூட்டினார். ஆயர்கள் சமாதானமானார்கள். அந்தச் சங்கம் இயற்றிய விதிகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. பெரிய இறையியல் விவாதத்தைத் தேடி அதைத் திறப்பவர் ஏமாந்துபோவார். திருமணம் குருவின் ஆசியோடு நடக்க வேண்டும், நம் வழக்குகளை நமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும், நற்கருணை வாங்கிவிட்டு நேராக மதுக்கடைக்குப் போகக் கூடாது, சாவு வீட்டில் ஒப்பாரி எப்படி இருக்க வேண்டும். எல்லாம் வீட்டுக் காரியம். மாறிவரும் ஒரு நிலத்தில், சிறுபான்மையாகிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் தன் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிற குரல்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது மதுக்கடை விதிக்கு வாய்விட்டுச் சிரித்தார். “அப்பமும் இதே சோலிதானா!” என்றார்.

கீவர்கீஸோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். இலக்கிய வாசகர்களான உங்களுக்கு அவர் பெயர் ஏற்கெனவே தெரியும், எங்கே பார்த்தோம் என்பதுதான் நினைவில் இருக்காது. தஸ்தயேவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்கள் நாவலில் கிழவன் கிரிகோரி ஒரு புத்தகத்தை வருடக்கணக்காக வாசிக்கிறான், ஏறக்குறைய ஒன்றும் புரியாமலேயே. அதே ஞானியின் நூல் பிறகு ஸ்மெர்தியாகோவின் மேசையில் கிடக்கிறது. கொலை செய்து எடுத்த பணக்கட்டை மறைக்க அவன் அந்தப் புத்தகத்தைத்தான் மேலே வைக்கிறான். அது சிரியாவின் ஈசாக்கு எழுதியது. சிரியாவின் ஈசாக்கு என்று உலகம் அழைக்கிற அவர் பிறந்தது சிரியாவில் இல்லை. பேத் கத்ராயேவில், இந்தக் கடற்கரையில்.

ஈசாக்கைத் தன்னோடு அழைத்துச் சென்றவர் கீவர்கீஸ். பேத் ஆபே மடத்தில் வைத்து நினிவேயின் ஆயராக அபிஷேகம் செய்தார். இன்றைய மோசூல் பகுதி அது. ஐந்தே மாதத்தில் ஈசாக்கு பதவியை விட்டுவிட்டார். ஏன் என்பதற்கு ஒரு கதை உண்டு. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் அவர் முன்னால் வந்து நின்றார்கள். இன்றே கொடுக்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்றான் கொடுத்தவன். சுவிசேஷம் விட்டுக்கொடுக்கச் சொல்கிறது, ஒருநாளாவது தவணை கொடு என்றார் ஈசாக்கு. சுவிசேஷத்தை இப்போது ஒதுக்கி வையும் என்றான் அவன். சுவிசேஷத்துக்கு இடமில்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு அவர் கிளம்பிவிட்டார். பிறகு இன்றைய ஈரானின் கூசிஸ்தான் மலைகளுக்குப் போய்த் துறவியாக வாழ்ந்தார். அதிகம் வாசித்து வாசித்துக் கண்பார்வை போய்விட்டது, சீடர்கள் அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள் என்பது மரபு.

அவர் எழுதியதின் மையம் அமைதி. பேச்சு அடங்கி, பரபரப்பு அடங்கி, அதற்குப் பிறகு இதயம் பெறும் இரக்கம். மனிதருக்காக, பறவைக்காக, விலங்குக்காக, ஊர்வனவற்றுக்காக, கடைசியில் பேய்களுக்காகவும் கண்ணீர் விடுகிற இதயம் என்று அதை விளக்குகிறார். அந்த எழுத்து போன வேகத்தையும் பாருங்கள். சிரியாக்கில் இருந்து ஒன்பதாம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தின் மார் சாபா மடத்தில் கிரேக்கத்துக்குப் போனது. அங்கிருந்து ஸ்லாவிய மொழிக்கு, ரஷ்யாவுக்கு. தொலைந்துபோனதாக நினைத்த இரண்டாம் பகுதியை ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகச் சுவடி ஒன்றில் செபாஸ்டியன் ப்ராக் அடையாளம் கண்டது 1983-இல். கத்தோலிக்கத் திருச்சபை தன் புனிதர் பட்டியலில் அவரைச் சேர்ப்பதாக அறிவித்தது 2024 நவம்பரில். பிறந்த கரையில் அவர் சபை மண்மூடிப் போன பிறகும் அவருடைய சொல் மட்டும் மெதுவாக நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

இதற்கு நம் ஊரில் இருந்து ஓர் இணை சொல்ல வேண்டும் என்றால், அண்ணாச்சியின் சொந்த மண்ணுக்கே போகலாம். 1838-இல் சென்னை வந்த ராபர்ட் கால்டுவெல் மூன்று வருடம் கழித்து, 1841-இல், திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். ஒரு வெள்ளைக்கார ஊழியர் பல்லக்கில் போவதே அன்று வழக்கம். அவர் நடந்தார். நேர்வழியிலும் போகவில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு போனார். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடி, சுவார்ட்ஸ் வாழ்ந்த தஞ்சாவூர் என்று தனக்கு முன்னால் வந்தவர்களின் ஊர்களைக் காலால் படித்துக்கொண்டு போனார் எனலாம். மக்களை அறிய வேண்டும், அவர்கள் பேசும் தமிழைக் கேட்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த வருடக் கடைசியில் இடையன்குடி போய்ச் சேர்ந்தார். உடன்குடியில் இருந்து அதிக தூரம் இல்லாத தேரிக்காட்டு ஊர் அது. அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது.

நடந்து வந்தவர் எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பகுதி மக்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய சிறுநூல் அந்தச் சமூகத்தாரின் கடுமையான கண்டனத்துக்கு ஆளானது. அண்ணாச்சியின் முன்னோர்களைத்தான் அவர் அப்படி எழுதினார். இருந்தும் அண்ணாச்சி வீட்டுச் சுவரில் கால்டுவெல் படம் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். “எழுதினது தப்புதான். ஆனா எங்க ஊருக்கு நடந்து வந்தாருல்லா? வந்தவரு போகல, அங்கேயே மண்ணோட மண்ணாயிட்டாருல்லா?” என்றார். 1891-இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லின் உடல் இடையன்குடி ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

இடையன்குடியில் இருந்து யோசித்தால் அதே சீமைக்காரரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை நினைவுக்கு வருவார். வைணவராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். ஜான் பனியனின் பயணக் கதையை வாங்கிக் கம்பனின் நடையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக விரித்து, 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்று தந்தார். யாத்திரை என்ற சொல்லை அவர் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பழனிக்கு நடக்கிற ஊர், வேளாங்கண்ணிக்குக் காவி கட்டிக்கொண்டு நடக்கிற ஊர். பேருந்து இருக்கும்போது ஏன் நடக்கிறாய் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

சரி, தாரினுக்கு வருவோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அங்கே சங்கம் நடந்ததற்கு அடையாளமாகக் கண்ணில் படுவது ஒன்றும் இல்லை. பிற்காலத்து மாளிகை ஒன்றின் இடிபாடு, மீன்படகுகள், தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள், ஆழம் குறைந்த அமைதியான கடல். பெரியவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்து சலாம் சொல்லி, பையில் இருந்து பேரீச்சம்பழம் எடுத்து நீட்டினார். அண்ணாச்சிக்கு இருபத்தேழு வருட வேலைத்தள அரபி இருக்கிறதே, உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மீனைப் பற்றிப் பேசினார்கள். மணப்பாட்டுக் கடலில் என்ன மீன், இங்கே என்ன மீன், கையை விரித்து அளவு காட்டிக் காட்டிப் பேச்சு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

புறப்படும்போது கரையில் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். உதடு அசையவில்லை. முகத்தில் இருந்ததை நான் ஜெபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வண்டியில் ஏறியதும் கேட்டார்: “அந்த எம்மாவு போன ரெண்டு பேரு கதை தெரியுமா?” தெரியும். இயேசு இறந்துவிட்டார் என்று மனமுடைந்து எருசலேமை விட்டு நடக்கிற இரண்டு சீடர்கள். ஏழு மைல் போல இருக்கும். வழியில் ஒருவர் கூடச் சேர்ந்து நடக்கிறார், பேசிக்கொண்டே வருகிறார், யாரென்று தெரியவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, எங்களோடு தங்கும் என்று கூப்பிடுகிறார்கள். சாப்பாட்டில் அவர் அப்பத்தைப் பிட்கும்போதுதான் அடையாளம் தெரிகிறது.

“ரெண்டு பேரும் வண்டியில போயிருந்தா அவரு எங்க ஏறுவாரு?” என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “எனக்கு வத்தல தம்பி. நான் நிறுத்திப் பாக்கல, அவ்வளவுதான்.”

இரவு கத்தீஃபில் ஒரு சின்னக் கடையில் குபூஸும் பருப்பும் சாப்பிட்டோம். அவர் குபூஸைப் பிட்டு என் தட்டில் பாதியை வைத்தார். அதில் எந்த அர்த்தமும் வைத்து அவர் செய்யவில்லை, எப்போதும் அப்படித்தான் செய்வார். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஏறவா என்று கேட்டேன். “நாளைக்கு ஓவர்டைம் இருக்கா உனக்கு?” என்றார். இல்லை என்றேன். “பெறவென்ன? வந்த வழியே போ.”

1986-இல் ஜுபைல் தேவாலயம் மணலில் இருந்து வெளியே தெரிந்த அதே வருடம் நவம்பரில்தான் சவூதியையும் பஹ்ரைனையும் இணைக்கும் கிங் ஃபஹத் பாலம் திறக்கப்பட்டது. இருபத்தைந்து கிலோமீட்டர். பஹ்ரைனில் 1939-இல் கட்டப்பட்ட திருஇருதய ஆலயம் இருக்கிறது. இந்த மாகாணத்தில் வேலை பார்க்கிற கிறிஸ்தவர்களில் விசாவும் வண்டியும் வாய்த்தவர்கள் வெள்ளிக்கிழமை பாலம் தாண்டிப் போய்த் தொழுதுவிட்டு வருவதுண்டு. அண்ணாச்சிக்கு இரண்டும் வாய்க்கவில்லை. போன மாதம் ஊரில் இருந்து கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வீட்டில் இருந்து நடந்தே போகிறாராம். மூன்று கிலோமீட்டர். மகன் பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்றாலும் கேட்பதில்லையாம். “ஆராதனை தொடங்குன பெறவுதான் போய்ச் சேருதேன், ஐயர் பாத்துட்டுச் சிரிக்காரு” என்றார்.

நான் இப்போது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பழைய சாலையில் போகிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். நேரம் தாண்டிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கை காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.